தங்கதுரை சாருக்குக் காது கேட்கும்

மூச்சை விடலாமா கூடாதா என்பதுதான் இப்போதைக்குக் கேள்வி. விட்டால் மூக்கு வழியாக விட வேண்டும், மூக்கில் நேற்றிலிருந்து சளி, விசில் அடிக்கும், விசில் அடித்தால் தங்கதுரை சார் திரும்புவார். ஜெபின் வாயை மீன் மாதிரி கொஞ்சமாகத் திறந்து காற்றை நூல் நூலாக வெளியே விட்டான். திரையில் தங்கதுரை சார் அசையவில்லை. மணல்மேட்டின் மேல் கூன் போட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல் வழவழவென்று மின்ன, முறம்போல் இரண்டு காதுகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அது ஒரு மிருகம்தான். ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை முதல்முதலில் பார்த்த அன்றைக்கே தவ்ஃபீக் அதற்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த சாரின் பெயரை வைத்துவிட்டான். ஏனென்றால் அந்த சாரும் கரும்பலகையைப் பார்த்து நின்றபடியே கடைசி பெஞ்சில் முறுக்கு உடைகிற சத்தத்தைப் பிடித்துவிடுவார், “ஏல, தின்னுததுதான் தின்னுத, எனக்கும் ஒரு துண்டு குடு” என்று திரும்பாமலே கையை நீட்டுவார், நீட்டிய கையில் முறுக்கை வைத்தால் அதே கை அப்படியே வந்து கன்னத்தில் விழும். ஜெபினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது. சிரிப்பு வரும்போது நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்த வகுப்பில்தான் கற்றுக்கொண்டான், கணக்கு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நாக்கைக் கடித்தான். சார் நின்றார். அவருக்குப் பின்னால், மணல்மேடு சரிந்து முடிகிற இடத்தில், ஈயம் பூசிய மாதிரி ஒரு கோடு. கடல். அதுவரைக்கும் போனால் போதும்.

திரையில் இருக்கிற மிருகத்துக்கு நிஜமாகவே காது கேட்கும், இந்த ஆட்டத்தின் விசேஷமே அதுதான். பாளையங்கோட்டையில் இந்த மாடி வீட்டின் இந்த அறையில் விழுகிற சத்தம் எதுவானாலும் மைக் வழியாகப் போய், அந்தக் காட்டுக்குள் அவனுடைய ஆள் எங்கே நிற்கிறானோ அங்கிருந்து கேட்கும். இருமினால் அங்கே இருமல். நாற்காலி கிறீச்சிட்டால் அங்கே கிறீச். சார் தொட்டால் ஆள் காலி, ஒருமுறை செத்தவனை அந்த உலகம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் ஆடுகிறவர்கள் எல்லாரும் உள்ளே போனதும் முதல் காரியமாக மைக்கை மூடிவிடுவார்கள், ஒரே ஒரு பட்டன், சப்ஜாடாக வேலை முடிந்தது, பிறகு வேட்டையாடுவார்கள், கோட்டை கட்டுவார்கள், கோட்டைக்கு மேல் இன்னொரு கோட்டை கட்டுவார்கள். “எல்லாரும் மூடிட்டே ஆடுனா சாருக்கு எதுக்குலே அவ்வளவு பெரிய காது? பாவம்லா மனுசன்” என்று தவ்ஃபீக்தான் ஆரம்பித்தான். “நாம தொறந்து வைப்போம் மாப்ள.” மைக்கை மூடக் கூடாது. கையால் பொத்துவதும் மூடுவதுதான். கத்தி, வில், ஈட்டி எதையும் தொடக் கூடாது. இவ்வளவுதான் சட்டம், எங்கேயும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தவ்ஃபீக் மேலப்பாளையத்தில், இவன் பாளையங்கோட்டையில், இரண்டு வீடும் வாய் ஓயாத வீடு. ஒருநாள் தவ்ஃபீக்கின் தெருவில் பழைய இரும்பு வண்டிக்காரன் ஒலிபெருக்கியோடு நுழைந்து, பழைய இரும்பு ஈயம் பித்தளை பிளாஸ்டிக் உடைஞ்ச நாற்காலி என்று பாட ஆரம்பிக்க, காட்டின் நான்கு மூலையிலிருந்தும் சார்கள் ஓடி வந்தார்கள், தவ்ஃபீக் ஒரு கிணற்றுக்குள் குதித்துக்கொண்டே “உடைஞ்ச நாற்காலி இல்லலே, ஓடிருங்கலே” என்று கத்த, ஜெபின் இந்தப் பக்கம் நின்று கண்டக்டர் குரலில் ஜங்ஷன் வண்ணார்பேட்டை மார்க்கெட் எல்லாம் ஏறிக்கோ, படியில நிக்காதீங்க, உள்ள இடம் இருக்கு என்று கூவிக் கூவி அத்தனை சார்களையும் தன் பக்கம் இழுத்து, பாறை இடுக்கில் நுழைந்து வாயை மூடிக்கொண்டான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் தவ்ஃபீக்குக்கு வாந்தி வந்தது. நிஜ வாந்தி. அந்தச் சத்தத்துக்கும் ஒரு சார் திரும்பினார்.

இப்போது தவ்ஃபீக் அவன் தோளில் கிடக்கிறான். ஆட்டத்தை விட்டு வெளியே போகிறவனின் உடம்பு போன இடத்திலேயே தூங்கும், மூச்சுச் சத்தம்கூட இருக்காது, கூட இருப்பவன் தூக்கிச் சுமக்கலாம், சுமந்தால் ஓட முடியாது, நடை மட்டும்தான். தவ்ஃபீக்கின் வாப்பா குடும்பத்தை ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து இந்தச் சுமைதான். அங்கே தவ்ஃபீக் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன், மாமா மகன் நவ்ஷாத்தின் கம்ப்யூட்டரில் எப்போதாவது அரைமணி நேரம் கிடைக்கும், அதற்குள் பேசுவதா ஆடுவதா. போன தடவை இந்த நாணல் காட்டுக்குள் உட்கார்ந்து தவ்ஃபீக் சொன்னான்: “நவ்ஷாத் காக்காவுக்கு அபுதாபில வேல கெடச்சிட்டு. சனிக்கெழம மத்தியானம் கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போறாங்க. போறதுக்கு முந்தி ஒரு அரைமணி நேரம் தாறேன்னு சொல்லிருக்காங்க. அவ்வளவுதான், அதுக்கப்புறம் நான் இல்ல.” மைக் திறந்துதான் இருந்தது, அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தமும் இந்தப் பக்கம் அம்மா எவளையோ திட்டுகிற சத்தமும் மட்டும் காட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தன. “இங்கன ஒரு கடல் இருக்குல்லா, அதுக்கு அலையே கெடையாது மாப்ள. அண்டால தண்ணி புடிச்சு வச்ச மாதிரி இருக்கு” என்றான் தவ்ஃபீக். “இந்த ஆட்டத்துல உள்ள கடலுக்கு அலை உண்டாம். நான் தூங்குதேன். நீ தூக்கிட்டுப் போ. சனிக்கெழம நான் கண்ணு முழிச்சா அலை கேக்கணும்.” சரி என்று சொன்னானா? அப்போது வாட்ச்மேன் குரலில் எஸ் சார் என்று சொன்னான். எதற்கு வாட்ச்மேன் குரலில் சொன்னான். தெரியவில்லை. அப்படித்தான் வாய்க்கு வருகிறது.

இன்றைக்கு சனிக்கிழமை. சமாதானபுரம் சுற்றுவட்டாரப் பகுதிகளில் மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் காரணமாகக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்விநியோகம் இருக்காது என்று தெருக் குழுவில் நேற்று ராத்திரி செய்தி வந்தது. அதை ஜெபின் உடனே வானொலி அம்மா குரலில் வாசித்துக் காட்டினான், அப்பா சிரித்தார், வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. தவ்ஃபீக் கண் விழிக்கிற நேரத்தில் இங்கே கரண்டு இருக்காது. பக்கத்தில் நிற்க முடியாது. காலையிலேயே கொண்டுபோய்க் கடலோரத்தில் கிடத்திவிட்டால் உண்டு. விடிந்ததிலிருந்து நடக்கிறான். நாணல் காடு தாண்டி, கறுப்புப் பாறை தாண்டி, சுவரில் பல்லி போவதுபோல நின்று நின்று. அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் அப்பாவின் பழைய லுங்கியைத் திணித்து, ஃபேனை நிறுத்தி, வியர்வை காதுக்குப் பின்னால் வழிந்து சட்டைக்குள் இறங்குவதை எண்ணாமல் எண்ணிக்கொண்டு. இன்னும் கொஞ்சம்தான். சார் மட்டும் அந்த மேட்டைவிட்டு இறங்கினால். இறங்கக் கூடாது, இறங்கினால் இந்தப் பக்கம் வருவார். அந்தப் பக்கம் இறங்கினால்? அந்தப் பக்கம் கடல். ஐயோ சார், நீங்க ஒரு எட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போயிட்டு வரக் கூடாதா.

ஒரு பட்டன். விரல் அதன் மேல்தான் இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று தெரியவில்லை. அழுத்தினால் மைக் மூடிவிடும், இந்த அறை செத்துவிடும், சாரின் மூக்குக்கு முன்னாலேயே தோளில் தவ்ஃபீக்கோடு நடந்து போகலாம், ஒரு டாட்டாகூடக் காட்டலாம். யாருக்குத் தெரியும்? ஷார்ஜாவில் தூங்குகிறவனுக்கா? மத்தியானம் அவன் கேட்பான். மைக்க மூடாமலா கொண்டு வந்த? ஆமா மாப்ள என்று சொன்னால் போதும். சொல்லத் தெரியாதா. அவனுடைய உம்மாவிடமே அவன் குரலில் போனில் பேசி, உம்மா நான் ட்யூஷன்லதான் இருக்கேன் என்று சொன்னவன் ஜெபின், உம்மாவும் சரி வாப்பா நேரத்தோட வா என்று சொன்னார்கள். பால்காரன் குரலில் பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க வைத்தவன். ஹெட்மாஸ்டர் குரலில் பியூனை மைதானத்துக்கு அனுப்பி, ஒரு பீரியட் முழுக்க மைதானத்தில் நிற்கவைத்தவன். இந்த ஒரு பொய் என்ன பெரிய பொய். தவ்ஃபீக் நம்பிவிடுவான். அதுதான், அங்கேதான் விரல் நிற்கிறது. கேள்வி கேட்காமல் நம்பிவிடுவான். ஊரில் ஒருத்தனும் ஜெபின் வாயிலிருந்து வருகிற எதையும் நம்புவதில்லை, கிளாஸ் டீச்சர் இவன் காய்ச்சல் என்று சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தெர்மாமீட்டரையும் வாங்கிப் பார்த்து, அதையும் வெந்நீரில் போட்டியா என்று கேட்பார். இந்த உலகத்துக்குள் மட்டும்தான், கத்தி இல்லாத, மூடி இல்லாத இந்த ஒரு உலகத்துக்குள் மட்டும்தான், வந்துட்டேன் என்றால் வந்துவிட்டான், போயிரு என்றால் போய்விடலாம். விரலை எடுத்தான். தொடையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தான். வைப்பது குற்றமில்லையே. வைக்கத்தானே செய்கிறோம்.

சார் இறங்கினார். வடக்குப் பக்கமாக, தூரத்தில் ஏதோ ஒரு பறவை அடித்த சிறகுச் சத்தத்துக்கு. ஜெபின் நடந்தான், இரண்டு எட்டு, நின்றான், மூன்று எட்டு. மணல் ஈரமாகிற இடத்தில் தரையின் நிறம் மாறியது. ஒரு கவிழ்ந்த படகு கிடந்தது, பாதி மணலில் புதைந்து, அடியில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நிழல். அங்கேதான். அங்கே கிடத்தினால் கண் விழித்ததும் முதலில் அலை, பிறகு படகின் விலா, பிறகு வானம். நல்லா இருக்கும். “ஏல ஜெபினு.” அடுக்களையிலிருந்து. அம்மா. கிரைண்டர் சத்தத்துக்கு மேலே ஏறி, கூடத்தைத் தாண்டி, கதவைத் தாண்டி, லுங்கியைத் தாண்டி. “மோட்டாரப் போடட்டா?” தூரத்தில் சாரின் இடது காது மட்டும் இலைபோலத் திரும்பியது.

இந்த வீட்டில் மோட்டார் போடுவதென்றால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கிரைண்டர் ஓடும்போது மோட்டாரும் ஓடினால் வோல்டேஜ் விழும், ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டும், கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்கும். அதனால் போடுகிறவர் சத்தம் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் இருக்கிறவன் போடு அல்லது போடாத என்று சொல்ல வேண்டும், பதிலே வராவிட்டால் யாரும் இல்லை என்று போட்டுவிடலாம். இப்படித்தான் பல வருஷமாக நடந்தது. போன மாதம் இவன் அப்பா குரலில் “இப்ப போடாத எஸ்தரு” என்று சொல்லித் தொலைத்தான். அப்பா அப்போது டீக்கடையில் இருந்தார். அம்மா புருஷன் பேச்சைக் கேட்டு மோட்டாரைப் போடாமல் குளிக்கப் போய், தலையில் சீயக்காயைத் தேய்த்த பிறகு குழாயைத் திறக்க, குழாய் இருமியது. அந்தச் சீயக்காய்க் கண்ணோடு வெளியே வந்து அம்மா போட்ட புதுச் சட்டம்: குரல் கேட்டால் நம்ப மாட்டேன், முகத்தைக் காட்டிச் சொல்லு. ஆக இப்போது பேசினால் சார் வருவார், பேசியும் பிரயோஜனமில்லை, அம்மா முகம் பார்க்க வருவாள். பேசாவிட்டால் மோட்டார் ஓடும், கம்ப்யூட்டர் செத்துவிடும், இவன் ஆள் வெட்டவெளி மணலில் தவ்ஃபீக்கைத் தோளில் வைத்தபடியே தூங்கிவிழுவான். அவர்களுடைய முதல் உலகத்தில் அப்படித்தான் ஆனது, கரண்டு ஒரு நிமிஷம் போய் வந்தது, வந்து பார்த்தால் இவன் இல்லை, சார் போகிற போக்கில் மிதித்துவிட்டார். தூங்குகிறவனைச் சார் தேட மாட்டார். ஆனால் வழியில் கிடந்தால் மிதிப்பார். படகுக்கு இன்னும் எட்டு அடி. ஏழு. எழுந்து போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் என்ன? நாற்காலி கிறீச்சிடும். கதவு முனகும். அம்மா முகத்தைப் பார்த்தால் சும்மா விடுவாளா, சாப்பிட்டியா குளிச்சியா முகத்தப் பாரு முகத்த என்று. எம்மா, கொஞ்சம் பொறுமா. ஒருதடவ கேட்டுட்டு வேற வேலயப் பாரும்மா. மனசுக்குள் எந்தக் குரலில் கெஞ்சுகிறோம் என்று ஒரு கணம் கவனித்தான். யாருடைய குரலுமில்லை. வெறும் பயம்.

படகின் நிழல். குனிந்து கிடத்தினான். தவ்ஃபீக்கின் ஆள் மல்லாந்து கிடந்தான், எப்போதோ இரண்டு பேரும் சேர்ந்து நெய்த ஓலைத் தொப்பி முகத்தில் பாதியை மூடியிருந்தது. வந்து சேர்ந்தாச்சு மாப்ள. அலை ஒன்று படகைத் தொட்டுத் திரும்பியது. “ஏல, காது அவிஞ்சு போச்சா? ஒம்பதாவப் போவுதுலே, தொட்டில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, இன்னைக்குப் பூரா கரண்டு இல்லன்னு தெரியும்லா, பொறவு குண்டி கழுவ தாமிரபரணிக்கா போவ?” இது கூடத்திலிருந்து. சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு சொல்லும் கடலோரத்தில், இவன் நிற்கிற இடத்தில், தவ்ஃபீக்கின் தலைமாட்டில் விழுந்தது. தங்கதுரை சார் திரும்பிவிட்டார். இரண்டு காதும் விரிந்தன. வந்தார், நடக்கவில்லை, அவர் ஓடும்போது கைகளும் கால்களாகிவிடும், மேடும் பள்ளமும் அவருக்கு ஒன்றுதான், நேராகப் படகைப் பார்த்து, பார்ப்பதற்குக் கண் இல்லாவிட்டாலும், நேராக.

இங்கே நின்றால் இரண்டு பேரும் காலி. இவன் அமைதியாகத் தள்ளிப் போனாலும் சார் கடைசியாகச் சத்தம் கேட்ட இடத்துக்குத்தான் வருவார், அந்த இடத்தில் தவ்ஃபீக் கிடக்கிறான். சத்தம் இங்கிருந்து போக வேண்டும். போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஜெபின் தெற்கே ஓட ஆரம்பித்தான், தோளில் சுமையில்லாமல் ஓடுவது எவ்வளவு லேசாக இருக்கிறது, அந்த நேரத்தில் கதவு லுங்கியை இழுத்துக்கொண்டு திறந்தது. அம்மா. கையில் மாவு, நெற்றியில் மாவு. “இங்கனதான் இருக்கியா? இருந்துக்கிட்டா பதில் சொல்லல?” என்று ஆரம்பித்தாள். நல்லது, நல்லது. “எம்மா பேசு” என்றான் ஜெபின், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், உரக்க. “என்னது?” “பேசும்மா. நிறுத்தாத. சத்தமாப் பேசு. மோட்டாரப் போட்டுராத, பேசிட்டே இரு.” பிறந்ததிலிருந்து எம்மா கத்தாத, எம்மா மெதுவா, எம்மா ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கான் என்று சொல்லிக் கேட்டே பழகிய எஸ்தர், மாவுக் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். ஒரு சொல் வரவில்லை. வீட்டில் கிரைண்டர் மட்டும் தூரத்தில் கடகடத்தது. சார் நின்றார். தலையைச் சாய்த்தார். படகுக்கும் இவனுக்கும் நடுவில். காது மெல்ல, மெல்ல, படகுப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது, அங்கே அலை அடிக்கிறது.

அப்போது ஜெபின் வாயைத் திறந்தான், அதிலிருந்து அம்மா வந்தாள். “ஏல ஜெபினு, எந்திரிச்சியா? எந்திரிக்க மாட்ட. சூரியன் உச்சில வந்து உனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாத்தான் எந்திரிப்ப. ஒங்க அப்பனும் ஒண்ணு நீயும் ஒண்ணு, ரெண்டும் எனக்குன்னு வந்து வாச்சுது பாரு. துண்ட எங்கன போட்ட? கட்டிலுக்கு அடில. சட்டைய எங்கன போட்ட? கட்டிலுக்கு அடில. ஒருநாளு நான் போயிக் கட்டிலுக்கு அடில படுத்துக்கிடுதேன், அப்பவாது என்னைத் தேடுவியளா?” அம்மாவுக்கு நேராகவே, அம்மாவின் முகத்துக்கு ஒரு கை தூரத்தில், அம்மாவின் இழுவை, அம்மாவின் ஏற்ற இறக்கம், ‘பாரு’வில் கொஞ்சம் மூக்கால் பேசுகிறது, எல்லாம். வீட்டில் எல்லாரையும் செய்திருக்கிறான், அவளை மட்டும் அவள் முன்னால் செய்ததில்லை. சார் இந்தப் பக்கம் பாய்ந்தார். வாங்க சார், வாங்க. எஸ்தரின் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க நேரமில்லை, ஓரக்கண்ணில் அந்த மாவுக் கை இறங்குவது மட்டும் தெரிந்தது, கோபமா, அழுகையா, அடிக்கத்தான் இறங்குகிறதா. “நான் இப்பிடியாலே பேசுதேன்?” என்றாள். குரல் உடைந்திருந்தது, சிரிப்பில் உடைந்ததா வேறெதிலுமா தெரியவில்லை. “எப்பம்லே கட்டிலுக்கு அடில படுத்துக்கிடுதேன்னு சொன்னேன்? படுத்துக்கிடட்டான்னுதான் கேட்டேன். சொன்னா சரியாச் சொல்லு. கோட்டிக்காரப் பயலே, ஊருல உள்ளவன் கொரலெல்லாம் பத்தாதுன்னு பெத்தவ கொரலையும் எடுத்தாச்சா, இரு, ஒங்க அப்பன் வரட்டும்” என்று பிடித்துக்கொண்டாள். இப்போது நிற்காது. அணை திறந்தாச்சு. பாளையங்கோட்டை முழுக்கக் கேட்கும் இனி.

படகு தூரத்தில் போய்விட்டது. கறுப்பாக ஒரு புள்ளி. தவ்ஃபீக் தப்பித்தான். தப்பித்தான் இல்லையா? ஆமாம். இந்தப் பக்கம் பாறை, செங்குத்தாக, ஏற வழியில்லை. அந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீரில் இறங்கினால் சளப்பென்று கேட்கும், கேட்டால்தான் என்ன, அம்மா இருக்கிறாளே. சார் வந்துகொண்டிருந்தார். அவசரமில்லாமல் இப்போது, பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து வருகிற மாதிரி, எங்க போயிருவ என்கிற மாதிரி. பாறையில் முதுகு ஒட்டியது. அம்மா துண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எம்மா போதும் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அதுவும் சத்தம், சொன்னாலும் நிற்க மாட்டாள். ஒரு பட்டன். விரலுக்கு அடியிலேயே இருக்கிறது, சூடாக. அழுத்தினால் சார் நடுவழியில் குழம்பி நிற்பார், தலையைச் சொறிவார், போய்விடுவார். மத்தியானத்துக்குள் தவ்ஃபீக் எழுந்திருப்பான். அவன் எழுந்திருக்கிற உலகத்தில் தானும் உயிரோடு இருப்போம், எங்கேயாவது, இந்தப் பாறைக்கு அடியிலாவது. அழுத்தாவிட்டால் அவன் கண்ணைத் திறந்து, அலையைக் கேட்டு, சுற்றும்முற்றும் பார்த்து, லே ஜெபினு என்று கூப்பிடுவான், கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், செத்தவனை அந்த உலகம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. ஒரே ஒரு தடவை. கடல்வரைக்கும் மூடாமல்தானே வந்தோம், கடைசியில் ஒரு விநாடி மூடினால் அது மூடினதா? மூடினதுதான். யார் கேட்பா? அவன் கேட்பான். நம்புவான். சாரின் கை உயர்ந்தது, உள்ளங்கை திரை அளவுக்கு வந்தது, எனக்கும் ஒரு துண்டு குடு, விரல் நுனியில் ரத்தம் துடிப்பது தெரிந்தது, அம்மா “ஏல” என்றாள், விரல்

இருட்டு. திரையில் ஜெபினின் முகம். அடுக்களையில் கிரைண்டர் ஒரு பெருமூச்சோடு ஓய்ந்தது. தெருவில் எங்கோ ஒருத்தர் “கரண்ட எடுத்துட்டான்” என்றார். “போச்சு” என்றாள் எஸ்தர். “தண்ணியும் போச்சு, மாவும் பாதில போச்சு. சந்தோசமா?” கேட்டுக்கொண்டே அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஜெபின் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டன் மேல்தான் இருந்தது. அழுத்தியதா? கரண்டு போவதற்கு முந்தியா, போன பிறகா, போன அதிர்ச்சியிலா? சாரின் கை தொட்டதா? தொட்டிருந்தால் திரை சிவந்திருக்கும், சிவந்ததா, சிவக்க நேரம் இருந்ததா? விரலை முகர்ந்து பார்த்தான், விரலில் என்ன வாசம் வரும், வியர்வைதான் வந்தது. “என்னல ஆச்சு, மொகம் இப்பிடி இருக்கு” என்று அம்மா மாவு காய்ந்த கையால் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. “எம்மா, உன்ன மாதிரிப் பேசுனது…” என்று தொடங்கினான். “அதெல்லாம் நல்லாத்தாம்லே இருந்துச்சு” என்றாள் எஸ்தர், கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு. “மூக்கால பேசுததுதான் கொஞ்சம் கூடிப்போச்சு.” அப்புறம் இரண்டு பேரும் கீழ் வீட்டு அடிபம்பில் குடம் குடமாகத் தண்ணீர் அடித்து மாடி ஏற்றினார்கள். ஒரு படியில் விரல் அழுத்தியிருந்தது, அடுத்த படியில் அழுத்தவில்லை.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கையோடு வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஷார்ஜாவில் தொழுகை முடிந்திருக்கும். நவ்ஷாத் காக்கா பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். இப்போது தவ்ஃபீக் கண்ணைத் திறந்திருப்பான். இப்போது படகைப் பார்த்திருப்பான். இப்போது கூப்பிட்டுக்கொண்டிருப்பான். போன் ஒரு தடவை அதிர்ந்தது, தவ்ஃபீக்கிடமிருந்து குரல்பதிவு. காதில் வைத்து அழுத்தினான். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு அலை. ஒன்று வந்து, இழுத்துக்கொண்டு போய், இன்னொன்று. அதற்கு மேலே, ஏசிச் சத்தத்துக்கு அடியில், தவ்ஃபீக் மூச்சோடு மூச்சாகப் பேசினான். “லே. உன்னப் பாத்துட்டேன். பாறைக்கு அடில தூங்குத. சார் இன்னும் உன் தலமாட்டுலயே அடுத்த சத்தத்துக்குக் காத்து நிக்காரு, கைய நீட்டிக்கிட்டு. கரண்டு போச்சுல்லா? நல்ல நேரத்துல கரண்டு கட்டு மாப்ள, அதான் நீ தப்புன.” அலை. “கை எட்டுத தூரத்துக்கு வந்து நிக்காருன்னா நீ கடைசி வரைக்கும் மூடலலே. மூடியிருந்தா அவரு எதுக்கு இங்கன வாராரு.” ஜெபினின் கையிலிருந்த தட்டு சாய்ந்து, ரசம் காலில் வழிந்தது, அவன் அசையவில்லை. “என் மைக்கும் தொறந்துதான் இருக்கு. நவ்ஷாத் காக்கா வெளிய கூப்பிடுதாங்க. அதுக்குள்ள உன்னத் தூக்கிப் படகுக்கு அடில போட்டுருதேன். அங்க மிதிக்க மாட்டாரு. கரண்டு வந்தாலும் கண்ணத் தொறக்காத. மூச்சு விடாத.” பிறகு சொல் ஒன்றும் இல்லை, மணலில் யாரோ ஒரு காலை வைத்து, நின்று, இன்னொரு காலை வைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஜெபின் வாயை மீன் மாதிரி கொஞ்சமாகத் திறந்து காற்றை நூல் நூலாக வெளியே விட்டான். எஸ்தர் முறுக்கு டப்பாவோடு வந்து வாசலில் நின்று ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவன் திரும்பாமலே அவள் பக்கம் கையை நீட்டினான், உள்ளங்கையை விரித்து. அந்தக் கையையும், அவன் முதுகையும் பார்த்துவிட்டு, எஸ்தர் கடிக்கப் போன முறுக்கைப் பல்லுக்கிடையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.